இடையில் நின்றவர்கள்: அறிவியல் புனைவுத் தொடர்களில் வளராத துணைக் கதாபாத்திரங்களையும் முடியாத காதல்களையும் ஆராய ஒரு முழுமையான வழிகாட்டி

'ஃப்ரிஞ்ச்' தொடரில் வால்டர் பிஷப் என்ற முதிய விஞ்ஞானி தன் உதவியாளரின் பெயரைச் சரியாகச் சொல்வது அபூர்வம். ஆஸ்ட்ரிட் என்ற பெயர் அவர் வாயில் ஆஸ்ட்ரோ ஆகும், ஆஸ்டெரிக்ஸ் ஆகும், இன்னும் என்னென்னவோ ஆகும். 2008 முதல் 2013 வரை, 100 எபிசோடுகளில் இது நடக்கிறது. கடைசி எபிசோடில், எல்லாம் முடியப்போகும் நேரத்தில், அழகான பெயர் என்கிறார் வால்டர். எது என்று அவள் கேட்கிறாள். ஆஸ்ட்ரிட் என்கிறார்.

அந்தக் காட்சியில் நான் அழுதேன். மறுநாள்தான் உறுத்தியது. ஐந்து சீசன்கள் கூடவே இருந்த இந்தப் பெண்ணைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? மொழிகள் அறிந்தவள், சங்கேதக் குறியீடுகளை உடைப்பவள், ஆய்வகத்துப் பசுவைப் பார்த்துக்கொள்பவள். அதற்கு மேல் எழுத முயன்றபோது பேனா நின்றுவிட்டது. அந்தத் தயக்கத்திலிருந்து உருவானதுதான் இந்த வழிமுறை.

அறிவியல் புனைவுத் தொடர்களின் ரசிகர்களிடம் இரண்டு குறைகள் எப்போதும் இருக்கும். துணைக் கதாபாத்திரங்களை வளர்க்கவில்லை என்பது ஒன்று. நாயகன் நாயகி காதலை அந்தரத்தில் விட்டுவிட்டார்கள் என்பது மற்றொன்று. இவற்றைத் தனித்தனியாகவே பேசி வருகிறோம். பல தொடர்களை ஊன்றிப் பார்த்த பிறகு, பெரும்பாலான இடங்களில் இவை இரண்டும் ஒரே குறை என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன். ஒரு காதலை முடிக்கவும் கூடாது, கைவிடவும் கூடாது என்றால், அந்த இருவருக்கும் நடுவில் யாரையாவது நிறுத்தியாக வேண்டும். அப்படி நிறுத்தப்படுகிறவர் ஒரு துணைக் கதாபாத்திரம். அவரைக் கண்டுபிடிப்பதுதான் இந்த வழிகாட்டியின் நோக்கம்.

முதல் படி: ஒருவரைத் தேர்ந்தெடுத்து, நினைவிலிருந்து எழுதுங்கள்

நீங்கள் ஒருமுறை முழுவதும் பார்த்து முடித்த தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். குறைந்தது இரண்டு சீசன்களாவது வந்த துணைக் கதாபாத்திரம் ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். மறுபடி பார்ப்பதற்கு முன்பே நான்கு கேள்விகளுக்கு நினைவிலிருந்து பதில் எழுதுங்கள். அவள் எங்கிருந்து வந்தாள்? அவளுக்கு என்ன வேண்டும்? யாரும் ஏவாமல் அவளே எடுத்த முடிவு எது? அவளுக்கு நேர்ந்தது அடுத்த எபிசோடில் யாருக்காவது நினைவிருந்ததா?

இந்தக் கட்டத்தில் இணையக் களஞ்சியங்களைப் புரட்டாதீர்கள். நூறு எபிசோடுகளில் சிதறிக் கிடக்கும் துணுக்குகளை அவை ஒரே பக்கத்தில் திரட்டிவிடும். அதைப் படித்தால் அந்தப் பாத்திரம் முழுமையானவர் என்று தோன்றிவிடும். பார்வையாளர் மனத்தில் எது தங்கியது என்பதுதான் நமக்கு முக்கியம். வெற்றிடமாக விட்ட பதிலும் ஒரு தகவல்தான்.

1966 முதல் 1969 வரை 79 எபிசோடுகள் ஒளிபரப்பான முதல் 'ஸ்டார் ட்ரெக்' தொடரில் தகவல்தொடர்பு அதிகாரியான உஹூராவின் முதற்பெயர் ஒருமுறைகூடச் சொல்லப்படவில்லை. திரையில் அந்தப் பெயர் ஒலிக்க 2009 திரைப்படம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நாற்பது ஆண்டுகள்! அத்தனை காலமும் ரசிகர்கள் அவளை நேசித்தார்கள் என்பது நிஷெல் நிக்கோல்ஸ் என்ற நடிகையின் சாதனை. எழுத்து அவருக்குக் கொடுத்தது மிகக் குறைவு.

இரண்டாம் படி: காட்சிக் குறிப்பேடு

இப்போது மறுபடி பாருங்கள். நீண்ட தொடராக இருந்தால் எல்லா எபிசோடுகளும் தேவையில்லை. அந்தப் பாத்திரம் அறிமுகமாகும் எபிசோடுகள், விடைபெறும் எபிசோடுகள், அவரை மையமாக வைத்தவை, முக்கியக் காதலில் திருப்பம் வருபவை. இவை போதும்.

ஒவ்வொரு காட்சிக்கும் மூன்று குறிப்புகள் எழுதுங்கள். யாருடைய தேவைக்காக இந்தக் காட்சி தொடங்கியது? அவள் என்ன செய்தாள், தகவல் சொன்னாளா, கேள்வி கேட்டாளா, முடிவெடுத்தாளா? மற்றவர்கள் போன பிறகு கேமரா அவளோடு தங்கியதா?

திரையில் தோன்றும் நிமிடங்களை மட்டும் எண்ணிக்கொண்டிருப்பதில் பெரிய பயனில்லை. ஒருவர் எபிசோடு முழுக்க நின்று அளவுகளை வாசித்துக்கொண்டிருக்கலாம். அது இருப்பு மட்டுமே. நான் அதிகம் நம்புவது மூன்றாவது குறிப்பை. எல்லோரும் அறையை விட்டு வெளியேறிய பின் கேமரா ஒருவரிடம் தங்கினால், இவருக்கும் ஒரு மனம் உண்டு என்று தொடர் அந்தக் கணத்தில் ஒப்புக்கொள்கிறது.

ஆஸ்ட்ரிட்டுக்கு அப்படி ஒரு தருணம் உண்டு. 2012இல் வந்த 'மேக்கிங் ஏஞ்சல்ஸ்' எபிசோடு. இணை உலகத்து ஆஸ்ட்ரிட் இங்கே வருகிறாள். அவளால் முகம் பார்த்துப் பேச முடியாது, சொற்கள் எண்களைப் போல வரிசையாக வரும். அவளுடைய தந்தை இறந்துவிட்டார். நான் வேறு மாதிரிப் பிறந்திருந்தால் அப்பா என்னை இன்னும் அதிகமாக நேசித்திருப்பாரா என்ற கேள்வி அவளை அரிக்கிறது. நம்முடைய ஆஸ்ட்ரிட், தன் தந்தையும் அப்படித்தான், அன்பைக் காட்டத் தெரியாதவர்தான் என்று ஆறுதல் சொல்லி அனுப்புகிறாள். எபிசோடு முடியும்போது அவள் வீட்டுக்குப் போகிறாள். அங்கே தந்தை மலர்ந்த முகத்தோடு அவளை அணைத்துக்கொள்கிறார். அவள் சொன்னது பொய் என்று நமக்கு அப்போதுதான் புரிகிறது. யாரும் ஏவாமல், தன்னையே ஒத்த ஒருத்தியின் வலியைக் குறைப்பதற்காக அவளே எடுத்த முடிவு அது.

ஒரு கதாபாத்திரத்தைத் திறந்து காட்ட எவ்வளவு குறைந்த இடம் போதும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. நேரம் இல்லை என்ற சமாதானத்தை இந்தக் காட்சியைப் பார்த்த பிறகு என்னால் ஏற்க முடிவதில்லை.

மூன்றாம் படி: அடுத்த வாரச் சோதனை

நீண்ட தொடர்கள் துணைப் பாத்திரங்களுக்கு எப்போதாவது ஒரு எபிசோடைத் தனியாக ஒதுக்கும். அதைப் பார்த்ததும் திருப்தியடைந்துவிடாதீர்கள். அடுத்த எபிசோடைப் பாருங்கள். அதில் ஏதேனும் மாறியிருக்கிறதா?

'ஸ்டார் ட்ரெக்: வாயேஜர்' 1995இல் தொடங்கி 2001இல் முடிந்தது, 172 எபிசோடுகள். ஹாரி கிம் முதல் எபிசோடில் என்சைன், அதாவது அதிகாரிகளில் கடைசிப் படிநிலை. ஏழாண்டுகள் கழித்து இறுதி எபிசோடிலும் என்சைன்தான். நடுவில் அவன் இறந்திருக்கிறான், அவனுடைய நகல் ஒருவன் அவன் இடத்துக்கு வந்திருக்கிறான், வேற்றுக் கிரகத்தவரின் கப்பலுக்குத் தலைமை தாங்கியிருக்கிறான். எதுவும் அவன்மேல் ஒட்டவில்லை. அவனுடைய நண்பன் டாம் பாரிஸ் இதே காலத்தில் பதவி இறக்கப்பட்டு, தண்டனை பெற்று, பதவியை மீண்டும் பெற்றுவிடுகிறான். டாமின் வாழ்க்கைக்கு ஒரு வளைவு இருக்கிறது. ஹாரிக்கு நிகழ்ச்சிகள் இருக்கின்றன, வளைவு இல்லை. உங்கள் குறிப்பேட்டில் இந்த வித்தியாசத்தைப் பதிவு செய்யுங்கள்.

நான்காம் படி: படப்பிடிப்புக்குப் பின்னால் நடந்ததைப் பாருங்கள்

கோபப்படுவதற்கு முன் இந்தப் படியைக் கடந்தாக வேண்டும். நடிகர் ஒப்பந்தம், ஒளிபரப்பு வரிசை, திடீர் நிறுத்தம் ஆகிய மூன்றையும் சரிபாருங்கள். எழுத்தாளரின் அலட்சியம் என்று நாம் நினைப்பது பல நேரங்களில் இவற்றில் ஒன்றாக இருக்கும்.

'பாபிலோன் 5' தொடரின் 110 எபிசோடுகளில் 92ஐ எழுதியவர் அதன் படைப்பாளி ஜே. மைக்கேல் ஸ்ட்ராசின்ஸ்கி. ஐந்தாண்டுக் கதையை முன்கூட்டியே திட்டமிட்ட அவர், எந்த நடிகர் எப்போது விலகினாலும் கதை நிற்காதபடி ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு தப்பிக்கும் வழியை வைத்திருந்தார். இவானோவாவுக்கும் டாலியா வின்டர்ஸுக்கும் இடையே நெருக்கம் மலரத் தொடங்கியபோது, டாலியாவாக நடித்த ஆண்ட்ரியா தாம்ப்சன் விலகினார். 1995இல் ஒரே எபிசோடில் அந்தப் பாத்திரம் முடிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு ஒரு சடங்கில், டாலியாவை நேசித்தேன் என்று நினைக்கிறேன் என இவானோவா மெல்லச் சொல்கிறாள். ஒரே வரிதான். ஆனால் மறக்காமல் எழுதப்பட்ட வரி. கட்டாயத்தால் அறுந்த கதையையும் இப்படிக் கௌரவமாக முடிச்சுப் போடலாம்.

ஒளிபரப்பு வரிசைக்கு 'ஃபயர்ஃப்ளை'யைவிடக் கசப்பான உதாரணம் இல்லை. 2002இல் எடுக்கப்பட்ட 14 எபிசோடுகளில் அமெரிக்காவில் அப்போது ஒளிபரப்பானவை 11. எல்லோரையும் அறிமுகப்படுத்தும் முதல் எபிசோடு கடைசியாக ஒளிபரப்பானது. கேப்டன் மால் வேறொருத்தியோடு இரவைக் கழித்ததை அறிந்து, அவரை மனத்துக்குள் விரும்பும் இனாரா தனியாக உட்கார்ந்து அழும் எபிசோடு ஒளிபரப்பாகாத மூன்றில் ஒன்று. அன்றைக்குத் தொலைக்காட்சியில் பார்த்தவர்களுக்கு அவள் மனம் தெரியவே வழியில்லை.

வெளிக்காரணங்களைப் பற்றிப் பேசும்போது 'ஸ்டார் ட்ரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்' தொடரின் டாஷா என்ற பாத்திரத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். தன் பாத்திரம் வளரவில்லை என்று உணர்ந்த டெனிஸ் கிராஸ்பி முதல் சீசனிலேயே விலகினார். 1988இல் டாஷா ஒரு கொடிய உயிரின் ஒரே வீச்சில், எந்தக் காரணமும் இல்லாமல் செத்து விழுகிறாள். இதோடு முடிந்திருந்தால் இதுவும் ஒரு புறக்கணிப்பு, அவ்வளவுதான். 1990இல் 'யெஸ்டர்டேஸ் என்டர்பிரைஸ்' எபிசோடில் காலம் பிறழ்ந்து டாஷா உயிரோடு நிற்கிறாள். இன்னொரு காலக்கோட்டில் தான் அர்த்தமில்லாமல் இறந்ததை அறிகிறாள். கேப்டனிடம் போய், அழிவுறுதியான ஒரு போருக்குக் கிளம்பும் பழைய கப்பலுக்குத் தன்னை மாற்றச் சொல்கிறாள். இந்த முறையாவது தன் சாவுக்கு ஒரு பொருள் இருக்கட்டும் என்பதுதான் அவள் கேட்பது. ஒரு தொடர் தான் செய்த தவறை அந்தப் பாத்திரத்தின் வாயாலேயே சொல்ல வைத்த இடம் இது. தவறை ஒப்புக்கொள்ளும் துணிவு ஒரு தொடருக்கு எவ்வளவு அழகு சேர்க்கும் என்பதற்காகவே இதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

ஐந்தாம் படி: காதலின் வாக்குறுதிகளை வரிசைப்படுத்துங்கள்

இனி முக்கியக் காதல். இருவருக்குமான திருப்புமுனைக் காட்சிகளை ஒரு பக்கத்தில் வரிசையாக எழுதுங்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் அது பார்வையாளருக்குக் கொடுத்த வாக்குறுதி என்ன என்று எழுதுங்கள். பிறகு அந்தக் காதல் முடியாமல் போன விதத்தைப் பாருங்கள். எல்லா முடியாத காதல்களும் ஒரே வகை அல்ல.

பணி விதியால் தடுக்கப்பட்டது ஒரு வகை. 'ஸ்டார்கேட் எஸ்ஜி-1' தொடரில் சமந்தா கார்ட்டரும் ஜாக் ஓ'நீலும் ராணுவத்தினர், அவர் அவளுடைய மேலதிகாரி. 2000இல் வந்த எபிசோடில் உண்மையைக் கண்டறியும் கருவியின் முன் இருவரும் உட்கார வைக்கப்படுகிறார்கள். அவளை இழப்பதைவிட நானே செத்திருப்பேன், அவள்மேல் எனக்கிருக்க வேண்டியதைவிட அதிக அக்கறை இருக்கிறது என்று அவர் ஒப்புக்கொள்கிறார். இது இந்த அறையைத் தாண்ட வேண்டியதில்லை என்று அவள் சொல்ல, இருவரும் அங்கேயே விட்டுவிட்டுப் போகிறார்கள். தடை உண்மையானது, நம்பும்படியானது. காட்சி அற்புதம். ஆனால் ஒரு தடையை எத்தனை ஆண்டுகள் காட்டலாம்? 2007 வரை, 214 எபிசோடுகள் ஓடிய தொடர் அந்தக் கேள்விக்கு வெளிப்படையான பதிலைத் தரவே இல்லை.

எழுத்தறையின் தயக்கத்தால் நின்றது இரண்டாவது வகை. 'வாயேஜர்' தொடரில் 1996இல் கேப்டன் ஜேன்வேயும் அவளுக்கு அடுத்த அதிகாரியான சகோட்டேயும் நோய்த் தொற்றால் ஒரு கிரகத்தில் தனித்து விடப்படுகிறார்கள். அவன் அவளுக்குக் குளியல் தொட்டி செய்து தருகிறான். ஓர் இரவில், கோபக்கார வீரன் ஒருவன் ஒரு பெண் தலைவிக்குத் துணை நின்று மன அமைதி பெற்ற கதையைத் தன் இனத்துப் பழங்கதை என்று சொல்கிறான். அது பழங்கதையா என்று அவள் கேட்க, இல்லை, ஆனால் சொல்வதற்கு எளிதாக இருந்தது என்கிறான். கைகள் கோக்கின்றன. பிறகு கப்பல் வந்து அழைத்துப் போகிறது, இருவரும் மேல்தளத்தில் அலுவல் பேச்சுப் பேசுகிறார்கள். ஐந்தாண்டுகளுக்குப் பிறகு, இறுதி எபிசோடில், சகோட்டேக்கும் செவன் ஆஃப் நைன் என்ற பெண்ணுக்கும் காதல் என்று காட்டப்படுகிறது. செவன் எனக்கு மிகவும் பிடித்த பாத்திரம். அவளுக்கும் இந்த அவசரக் காதல் நியாயம் செய்யவில்லை.

மூன்றாவது வகையைக் குறை என்று எழுதிவிடாதீர்கள். அது முடிக்காமலே முடிந்தது. 2006இல் 'டாக்டர் ஹூ' தொடரில் ரோஸ் ஒரு கடற்கரையில் நிற்கிறாள். வேற்றுக் கிரகத்தவரான நாயகன் டாக்டரின் பிம்பம் மட்டும் எதிரில். அவள் தன் காதலைச் சொல்லிவிடுகிறாள். அவர் அவள் பெயரைச் சொல்லி அடுத்த சொல்லுக்கு வாய் திறக்கும்போது பிம்பம் மறைகிறது. வாக்கியம் முற்றுப்பெறவில்லை, ஆனால் காதல் முற்றுப்பெற்றுவிட்டது, ஏனென்றால் அவர் சொல்லவந்தது இருவருக்கும் தெரியும். 2008இல் இதே கடற்கரைக்குத் திரும்பி, டாக்டரின் மனித நகல் ஒருவனை ரோஸிடம் ஒப்படைத்தபோது தொடர் தன் சிறந்த முடிவைத் தானே தளர்த்திவிட்டது என்பது என் கருத்து.

ஆறாம் படி: நடுவில் நிற்பவர் யார்?

இரண்டு பக்கங்களையும் அருகருகே வையுங்கள். காதலின் வரிசையில் எங்கெல்லாம் தாமதம் தேவைப்படுகிறதோ, அங்கெல்லாம் ஒரு துணைப் பாத்திரம் வந்து நிற்பதைக் காண்பீர்கள்.

கார்ட்டருக்கு 2004இல் பீட் ஷானஹான் என்ற காவல் அதிகாரி வந்தான். நல்லவன், அவளை நேசித்தான், நிச்சயதார்த்தம் வரை போனது. 2005இல் ஒரே எபிசோடில் அவனோடான உறவும் முறிகிறது, ஓ'நீலின் தோழி கெர்ரியும் விலகுகிறாள். இரண்டு மனிதர்கள் ஒரே நாளில் வழிவிட்டார்கள். வழி திறந்த பிறகும் நாயகர்கள் நடக்கவில்லை.

'பேட்டில்ஸ்டார் கலாக்டிகா'வின் அனஸ்டேசியா டுவாலாவைப் பற்றி எழுதாமல் இந்த வழிகாட்டியை என்னால் முடிக்க முடியாது. டீ என்று அழைக்கப்படும் அவள் கட்டுப்பாட்டு அறையின் தொடர்பு அதிகாரி. அவளை விரும்பிய பில்லி 2006இல் அவளைக் காக்கப்போய்ச் சுடப்பட்டு இறக்கிறான். அந்த நடிகர் நீண்டகால ஒப்பந்தத்துக்குச் சம்மதிக்காததே பின்னணி. பிறகு டீ, விமானி லீ அடாமாவை மணக்கிறாள். லீயின் மனம் சக விமானி காரா த்ரேஸிடம் இருப்பது அவளுக்கு முன்பே தெரியும். அந்தத் திருமணம் எப்படி உருவானது, அவள் ஏன் ஒப்புக்கொண்டாள் என்பதற்குத் தொடர் தனியாக இடம் ஒதுக்கவில்லை; கதை ஓராண்டு தாவிவிடுகிறது. ஒரு குத்துச்சண்டை எபிசோடில் லீயும் காராவும் ரத்தம் வழிய மோதி, கடைசியில் ஒருவரை ஒருவர் தாங்கிப் பிடித்து நிற்கிறார்கள். மிகப் பெரிய காதல் காட்சி அது. இரண்டாவது முறை பார்க்கும்போது, வளையத்துக்கு வெளியே இருக்கும் அவர்களுடைய துணைகளின் பக்கம் கண்ணைத் திருப்புங்கள். எபிசோடு முழுவதும் வேறாகத் தெரியும்.

2009இல், தேடி வந்த பூமி அணுகுண்டால் எரிந்த சாம்பல் என்று தெரிந்த பிறகு, டீ லீயோடு ஒரு மாலையைச் சிரித்துப் பேசிக் கழிக்கிறாள். அறைக்குத் திரும்பி, பாட்டை முணுமுணுத்தபடி, இந்த உணர்வை முடிந்தவரை தக்கவைத்துக்கொள்ள விரும்புவதாக நண்பன் கேட்டாவிடம் சொல்லிவிட்டுத் தன்னைச் சுட்டுக்கொள்கிறாள். அதிர்ந்துபோனேன். காண்டிஸ் மெக்ளூரின் நடிப்பு என்றும் மறக்காது. ஆனாலும் குறிப்பேட்டைத் திறந்து பாருங்கள். அவளுடைய மனத்துக்குள் தொடர் இவ்வளவு நேரம் தங்கிய எபிசோடு இது. அவள் சாகப்போகும் எபிசோடும் இதுதான்.

அத்தனை பேர் வழிவிட்ட அந்தக் காதல் எங்கே போய்ச் சேர்ந்தது? இறுதி எபிசோடில் புல்வெளியில் லீயும் காராவும் நிற்கிறார்கள். இனி மலையேறுவேன், கடல் கடப்பேன் என்று லீ பேசிக்கொண்டே திரும்புகிறான். அவள் அங்கே இல்லை.

ஏழாம் படி: வெளியே சொல்லப்பட்டதைத் தனியாக எண்ணுங்கள்

இது சுருக்கமானது. 'ஃபயர்ஃப்ளை'யின் பாதிரியார் புக்கின் கடந்தகாலம் 2010இல் வந்த படக்கதையில்தான் வெளிப்பட்டது. கேட்டாவின் காதல் வாழ்க்கை இணையத்துக்கென எடுத்த குறும்பகுதிகளில் மட்டும் வந்தது. 'நெக்ஸ்ட் ஜெனரேஷன்' தொடரின் கேப்டன் பிகார்டுக்கும் மருத்துவர் பெவர்லி கிரஷருக்கும் இடையே மிஞ்சியது என்ன என்பதற்கு 2023 வரை, வேறொரு தொடர் வரை காத்திருக்க நேர்ந்தது. இவற்றைப் படியுங்கள், ரசியுங்கள். ஆனால் மூலத்தொடரின் கணக்கில் சேர்க்காதீர்கள். விதிவிலக்கு ஒன்று: 'ஃபார்ஸ்கேப்' 2003இல் பாதியில் நிறுத்தப்பட்டு, ரசிகர்களின் இயக்கத்துக்குப் பின் 2004இல் குறுந்தொடராக வந்து ஜான், ஏரின் இருவரின் காதல் கதையை முடித்தது. அதே கைகள் எழுதிய இறுதி அத்தியாயம் என்பதால் அதைச் சேர்த்துக்கொள்ளலாம்.

எட்டாம் படி: விடுபட்ட காட்சியை எழுதுங்கள்

குறைகளைப் பட்டியலிட்டு நிறுத்தினால் ஆய்வு பாதியில் நிற்கிறது. அந்தப் பாத்திரத்துக்கு ஒரே ஒரு காட்சி தர முடியுமானால் எது என்று தீர்மானித்து, இரண்டு பக்கத்துக்குள் எழுதிப் பாருங்கள். மூன்று நிபந்தனைகள் உண்டு. நடந்த கதையின் எந்த நிகழ்வையும் மாற்றக்கூடாது. புதிய நடிகரோ புதிய அரங்கோ கூடாது, ஏற்கெனவே உள்ள அறைகளிலேயே நடக்க வேண்டும். காட்சியின் முடிவில் கேமரா அவரோடு தங்க வேண்டும்.

நிபந்தனைகள் கடுமையாக இருப்பது நல்லது. செலவில்லாமல், கதையைக் கலைக்காமல் எழுத முடிந்துவிட்டால், அது எழுதப்படாமல் போனதற்குத் தயாரிப்புச் சிக்கலைக் காரணமாகச் சொல்ல முடியாது. உங்கள் கட்டுரையின் மிக வலிமையான வாதமாக அந்த இரண்டு பக்கங்களே நிற்கும்.

டீக்காக நான் எழுதியது திருமணத்துக்கு முந்தைய இரவு. கட்டுப்பாட்டு அறையில் ஆள் குறைவு. அவள் தலையில் ஒலிவாங்கி. ரோந்துக்குப் போன விமானிகள் ஒவ்வொருவராகத் திரும்பி வருவதைப் பதிவு செய்கிறாள். கேட்டா மெல்ல, அவனுக்கு அவள்மேல்தான் எண்ணம் என்று உனக்குத் தெரியாதா என்று கேட்கிறான். தெரியும் என்கிறாள் டீ. அப்படியானால் ஏன் என்கிறான். மறுமுனையில் ஒரு விமானி அழைக்கிறான், அவள் பதில் சொல்கிறாள், தரையிறங்க அனுமதி தருகிறாள். பிறகு கேட்டாவைப் பார்க்காமலே, பில்லி கேட்டபோது நேரம் இருக்கிறது என்று நினைத்துவிட்டேன் என்கிறாள். கேட்டா எழுந்து போகிறான். அவள் அடுத்த அழைப்புக்காகக் காத்திருக்கிறாள்.